எங்கள் கோயில் ஆர்கனும் அதன் பெரிய குழலும்

எங்கள் ஊர்க் கோயிலில், அதாவது சர்ச்சில், ஒரு பைப் ஆர்கன் இருக்கிறது என்று சொன்னால் மதுரையில் இருப்பவர்களே நம்புவதில்லை. ஹார்மோனியத்தைத்தான் இவள் இப்படிப் பெருமையடிக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வந்து பாருங்கள் என்பேன். யாரும் வரமாட்டார்கள். சிவகாசியில் வெம்பக்கோட்டை பஸ் ஏறி, அங்கிருந்து மினிபஸ் பிடித்து, கரிசல் காட்டையும் அதற்குள் தள்ளித் தள்ளி நிற்கிற பட்டாசு ஷெட்டுகளையும் தாண்டி, ஒரு ஆர்கனைப் பார்க்க யார் வருவார்கள்?

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். படிப்பு முடித்து ஊருக்குத் திரும்பிய வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த ஆர்கனை வாசிப்பதும் நான்தான். திறமையைப் பார்த்து யாரும் கூப்பிட்டுக் கொடுத்த வேலையில்லை. முன்பு வாசித்தவர் தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போனார், எனக்குக் கொஞ்சம் ஹார்மோனியம் தெரியும், அவ்வளவுதான்.

ஆர்கன் வந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். சீமையில் ஒரு துரைசானி, இறந்துபோன தன் பிள்ளையின் நினைவாக அனுப்பி வைத்தாள் என்பது ஒரு கதை. சபை விழா மலர்களில் இதுதான் வரும், படிக்கிறவர்கள் கண் கலங்க வேண்டுமல்லவா. அங்கே ஏதோ ஒரு சின்னக் கோயிலில் புது ஆர்கன் வாங்கினார்கள், பழையதை என்ன செய்வதென்று தெரியாமல் மிஷன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது இன்னொரு கதை. மனுஷ சுபாவம் தெரிந்தவள் என்ற முறையில் நான் இரண்டாவது கட்சி. கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து மாட்டுவண்டிகளில் வந்தது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் சண்டையில்லை. அது வந்த பெட்டிகளின் பலகையில் செய்த பெஞ்சு பாடகர் குழுவுக்குப் பின்னால் இன்னும் கிடக்கிறது. ஆர்கனைவிட அந்த பெஞ்சுக்குத்தான் உடம்பு நன்றாக இருக்கிறது.

குளிர் நாட்டில் பிறந்த சாமான் எங்கள் வெயிலில் படாத பாடு பட்டது. சித்திரையில் மரம் காய்ந்து விரிசல் விடும். ஐப்பசி மழையில் ஊறிப்போய், அமுக்கின கட்டை மேலே வராமல் அடம் பிடிக்கும். துருத்தியின் தோலை எலி தின்றது. ஈயக் குழல்களில் சில நசுங்கின, சில காணாமல் போயின. காணாமல் போயின என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்த இடங்களில் எங்கள் ஆட்கள் செய்து வைத்த காரியம்தான் வேடிக்கை. கம்பெனியில் பட்டாசுக்குக் குழாய் உருட்டுகிறவர்கள், அதே பழுப்புக் காகிதத்தை உருட்டி, மயில்துத்தம் கலந்த அதே மைதாப் பசையால் ஒட்டி, வேண்டிய நீளத்துக்கு அறுத்து, மிச்சமிருந்த ஈய அடிப்பாகத்தில் செருகிவிட்டார்கள். அவை ஊதின. சளி பிடித்த குரல்தான், ஆனாலும் ஊதின. துத்தத்துக்குப் பயந்து எலி அந்தக் குழல்களின் பக்கம் போகவில்லை.

ஊதாத குழல் ஒன்று இருந்தது. அதுதான் இருப்பதிலேயே பெரியது. வலது சுவரோரம் நிற்கிற மரக் குழல். பார்த்தால் குழல் மாதிரி இருக்காது, நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்த ஒடுக்கமான பெட்டி மாதிரி, உத்தரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். காலால் மிதிக்கும் கட்டைகளில் இடது கோடிக் கட்டை அதற்குரியது. மிதித்தால் உஸ் என்று காற்று கசியும், வேறொன்றும் வராது. அதன் வாய் தரையோரம் இருக்கிறது. அந்த வாயை யாரோ கள்ளிப்பெட்டிப் பலகை வைத்து ஆணியடித்து மூடியிருந்தார்கள். யார், எப்போது என்று யாருக்கும் தெரியாது. எதற்கு என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. பெரிய குழல் காற்றை நிறையக் குடிக்கும், துருத்தி அடிக்கிறவர் கை ஓய்ந்துபோகும், அதனால் அடைத்துவிட்டார்கள் என்பேன். அறிவியல் டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்தக் குழலைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சின்ன ஆசையில்லை. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் என் இடது கால் தானாக அந்தக் கட்டைக்குப் போகும். அங்கே அடி ஸ்வரம் ஒன்று வர வேண்டும், வந்தால்தான் பாட்டு தரையில் ஊன்றி நிற்கும். வராது. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவதுபோல என் கால் அதைத் தேடிவிட்டுத் திரும்பும். முழு ஆர்கனையும் ஒரு தடவையாவது கேட்டுவிட்டுத்தான் சாக வேண்டும் என்று சபைக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்தே சொல்லியிருக்கிறேன். கமிட்டியில் சாவைப் பற்றிப் பேசினால்தான் ஏதாவது வேலை நடக்கும்.

துருத்தி அடிப்பது எங்கள் கோயில்பிள்ளை. மணியடிப்பது, பெருக்குவது, பூட்டுவது, திறப்பது எல்லாம் கோயில்பிள்ளையின் பொறுப்பு. அவளுடைய புருஷன் பார்த்த வேலை, அவன் போன பிறகு அவள் பார்க்கிறாள். என்னைவிட இளையவள், என்னைவிட வாய் அதிகம். ஒரே மகள். அந்தப் பெண் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு, காலையில் கோயில் வாசலில்தான் வேனுக்கு நிற்பாள். அவளை நர்சிங் படிக்க வை என்று நான் சொல்லாத நாளில்லை.

"அவளுக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வரும் டீச்சர்" என்பாள் தாய். "வெடிமருந்து மணம்னா ஒண்ணும் செய்யாது."

கமிட்டி ஒருவழியாக மனம் இரங்கியது. ஆர்கன் பழுது பார்க்கிறவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். மதுரையில் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்துத் தங்கி, வந்து போய் வேலை செய்தார். நல்ல வேலைக்காரர், கோபப்படாதவர். காகிதக் குழல்களைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, கழற்றிப் போடவில்லை. துருத்திக்குப் புதுத் தோல் போட்டார். கடைசியில் பெரிய குழலின் முன்னால் குத்தவைத்து, கள்ளிப்பெட்டிப் பலகையை நெம்பி எடுத்தார். நானும் கோயில்பிள்ளையும் பக்கத்தில் நின்றோம்.

உள்ளே துணி. அவர் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஒரு முழு நூல் சேலை, மடித்து மடித்துத் திணித்திருந்தார்கள். உதறினபோது வெளிச்சத்தில் பளபளவென்று தூசி பறந்தது.

"ஜரிகைப் புடவையா மேடம்?" என்றார் அவர்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி. எங்கள் ஊரில் எந்த வீட்டுத் துணிக்கொடியிலும் அந்தப் பளபளப்பைப் பார்க்கலாம், எத்தனை துவைத்தாலும் போகாது. கம்பெனிக்குப் போன யாரோ ஒருத்தியின் சேலை. அவர் அதைச் சுருட்டிக் குப்பைப் பக்கம் வீசப் போனார்.

"அதைக் குப்பையோட எரிச்சிராதீக சார்" என்றாள் கோயில்பிள்ளை. "மருந்து ஒட்டிக் கெடந்தாலும் கெடக்கும். குழி தோண்டிப் பொதைச்சிருவோம்."

அவளே கொண்டுபோய் வேலியோரம் புதைத்தாள். ஒரு சேலையை எதற்காக இத்தனை பக்குவமாகத் திணிக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அடைப்பு போய்விட்டது என்ற சந்தோஷம்தான் எனக்கு.

பெரிய குழலில் விரிசல் இருந்ததால் அதை மட்டும் வேனில் ஏற்றித் தன் ஷெட்டுக்குக் கொண்டுபோனார். அது திரும்பி வந்தது எங்கள் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அன்று காலையில். பண்டிகை தேதி மாறாது, கிழமைதான் மாறும். இந்த முறை வாரத்தின் நடுவில் வந்து விழுந்தது, அதுவும் தீபாவளி சீசனில். ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்தில் எந்தக் கம்பெனியும் லீவு கொடுக்காது. அதனால் கோயிலில் கூடியிருந்தவர்கள் எல்லாம் தாய்மார்கள், வயதானவர்கள், என்னைப் போன்ற டீச்சர்கள், மதுரையிலிருந்து வந்திருந்த விருந்தாளிகள். வேலை செய்கிற வயதில் உள்ளவர்கள் அத்தனை பேரும் கம்பெனிகளில். கோயில்பிள்ளையின் மகளும் பண்டிகைச் சேலை கட்டி, அதன் மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு வேன் ஏறிப் போயிருந்தாள்.

"இங்க வச்சு டெஸ்ட் பண்ண டைம் இல்ல மேடம்" என்றார் ஆர்கன்காரர், குழலை நிறுத்திப் பொருத்திவிட்டு. "ஆனா ஷெட்ல சூப்பரா ஊதிச்சு."

அந்தக் கட்டையைக் கடைசிப் பாட்டின் கடைசி அடி வரைக்கும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இத்தனை காலம் பொறுத்தவளுக்கு இரண்டு மணி நேரம் பெரிதா? ஆராதனை நீண்டது. விருந்தாளி பிரசங்கியார் ஆர்கனைப் பற்றிப் பேசினார். துரைசானி வந்தாள், இறந்த பிள்ளை வந்தது, கைக்குட்டைகள் வெளியே வந்தன. வெளியே பந்தலில் அசனத்துக்கு, சபை விருந்துக்கு, சோறு வெந்துகொண்டிருந்தது.

கடைசிப் பாட்டு. கோயில்பிள்ளை இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, எனக்காக என்று தெரிந்தே, துருத்தியைப் பலமாக அடித்தாள். கடைசி அடி வந்தது. இடது காலைக் கொண்டுபோய் வைத்து அழுத்தினேன்.

அது காதில் கேட்கவில்லை. காலில்தான் கேட்டது. தும் என்று தரை ஒரு உலுக்கு உலுக்கியது. ஜன்னல் கண்ணாடிகள் சட்டத்துக்குள் கிடுகிடுத்தன. பின்னறையில் இரும்பு பீரோவின் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

பாட்டு நின்றது. யாரும் கத்தவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. இந்த அதிர்ச்சி காலில் பட்டால் எங்கள் ஆட்கள் கத்தமாட்டார்கள், வெளியே வந்து முதலில் வானத்தைப் பார்ப்பார்கள். புகை எந்தத் திசையில் என்று தெரிந்தால்தான் எந்தக் கம்பெனி என்று தெரியும். எந்தக் கம்பெனி என்று தெரிந்தால்தான் எந்த வீட்டில் அழ வேண்டும் என்று தெரியும். கோயில் முழுவதும் எழுந்து, ஒருவரை ஒருவர் தள்ளாமல், பேசாமல், வாசலுக்குப் போனது. காற்று குறைந்து பெரிய குழல் ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். துருத்தியின் கைப்பிடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்தவள் அங்கே இல்லை.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சத்தத்தை உண்டாக்கினது என் கால். அதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன், அதற்காகத்தான் அழுத்தினேன். ஆனாலும் நான் எழுந்து மேற்கு ஜன்னலுக்குத்தான் ஓடினேன். வேலியைத் தாண்டி, காட்டைத் தாண்டி, புகையைத் தேடினேன். என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய அடக்க ஆராதனைக்கு இதே ஆர்கனை வாசித்தவள் நான். அந்த ஓட்டத்தில், அது குழல் என்பதே எனக்குச் சற்று நேரம் நினைவுக்கு வரவில்லை.

நினைவு வந்ததும் வெளியே ஓடினேன். கோயிலுக்கு எதிரில் இருக்கிற அம்மன் கோயில் தெருவும் சேர்ந்து ரோட்டில் நின்றது. "எங்கன? எந்தக் கம்பெனி?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் துடுப்பைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். எல்லோர் காதிலும் போன்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றேன். "அது ஆர்கன். நான்தான் மிதிச்சேன்."

"அப்படியா டீச்சர்" என்றார்கள். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வானத்தைப் பார்ப்பதையும் நிறுத்தவில்லை. "இருக்கட்டும் டீச்சர், ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா மனசுக்குத் தேவல" என்றார் ஒரு பெரியவர்.

கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாலு பக்கத்துக் கேட்டுகளிலும் பெட்டிக்குள் கிடந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்திருக்கும். கோயில்பிள்ளை அடிபம்பு மேடையில் உட்கார்ந்திருந்தாள். கட்டியிருந்தது பண்டிகைச் சேலை, முகம் வெளிறிப்போயிருந்தது.

"ரிங் போகுது டீச்சர். எடுக்க மாட்டேங்கா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது ஆர்கன்தான் என்று மறுபடி சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி நம்பரை அழுத்தினாள். துருத்தியை அடித்தவள் அவள், கட்டையை மிதித்தவள் நான், சத்தம் எங்கிருந்து வந்தது என்பதில் இந்த உலகத்திலேயே எங்கள் இருவருக்கும்தான் சந்தேகம் இருக்கக்கூடாது. நான் வாயால் சொன்னேனே தவிர, மகளின் குரல் வருகிற வரைக்கும் எனக்கும் உயிர் இல்லை. கடைசியில் வாட்ச்மேன் எடுத்தார். அங்கே ஒன்றுமில்லை என்றார். அவள் கெஞ்சினதில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து போனைக் கொடுத்தார்.

"எதுக்கும்மா வேலை நேரத்துல கூப்புடுற?" என்று அவள் சிடுசிடுத்தது எனக்கே கேட்டது. தாய் போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கோயிலுக்குள் விருந்தாளிகள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். பாட்டு ஏன் நின்றது, சபை ஏன் எழுந்து போனது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆர்கன்காரர் மட்டும் எழுந்து என்னிடம் வந்தார்.

"என்ன மேடம் ஆச்சு? நல்லாத்தானே வந்துச்சு?"

நல்லாத்தான் வந்தது என்றேன். அசனச் சோறு அடிப்பிடித்துவிட்டது. எல்லோரும் சாப்பிட்டார்கள். இதை வைத்து ஒரு கிண்டலாவது வரும் என்று எதிர்பார்த்தேன், எங்கள் ஊர் அதற்குச் சளைத்ததில்லை. யாரும் சிரிக்கவில்லை.

கள்ளிப்பெட்டிப் பலகையை அடித்தது யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஏன் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. காற்று, துருத்தி, கை ஓய்ச்சல் என்று இத்தனை வருஷம் நான் அளந்ததெல்லாம் கதை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. எங்கள் குருவானவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், போன வருஷம்தான் மாற்றலாகி வந்தவர். கஷ்டப்பட்டுச் சரி செய்ததை விடக்கூடாது என்றார். "ஒரு மாசம் வாசிச்சா ஜனங்களுக்குப் பழகிரும்" என்றார். எனக்காகத்தான் சொன்னார், எனக்கு அது இனிப்பாகவும் இருந்தது. ஆமாம், பழகிவிடும் என்று நானும் சொன்னேன். வீட்டுக்கு நடந்து வருகிற வழியில்தான் அந்த வார்த்தை உறைத்தது. பழகிவிட்டால்? நாளைக்கு நிஜமாகவே எங்காவது வெடித்து, தரை ஆடி, கண்ணாடி கிடுகிடுத்தால், டீச்சர் ஆர்கன் வாசிக்கிறாள் என்று உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்களே. சீசனில் ஞாயிறு, திங்கள் என்று கம்பெனிக்கு எது பேதம்?

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்குப் போனேன். கோயில் காலி. கோயில்பிள்ளை கதவுகளைச் சாத்திவிட்டு, துருத்திப் பக்கம் போய் நின்றுகொண்டாள். கக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது.

"மிதிங்க டீச்சர்" என்றாள்.

"எதை?"

"அந்தப் பெருசை. நான் மெதுவா அடிக்கேன். அன்னைக்கு நீங்க எங்க கேட்டீக? நீங்களும்தான் ஜன்னலுக்கு ஓடிட்டீகளே. காய்ச்சல்னு இன்னைக்கு என் மக லீவு. வீட்டுலதான் படுத்துக் கெடக்கா. ஒருக்கக் கேட்டுக்கிடுங்க."

அவள் சொன்னது சரி. நான் அதைக் கேட்கவில்லை. இத்தனை காலம் ஏங்கின ஸ்வரம் வந்தபோது, அது சுதியில் இருந்ததா, கனமாக இருந்ததா, பாட்டுக்குக் கீழே ஊன்றி நின்றதா என்று ஒன்றும் எனக்குத் தெரியாது. இடது கால் கட்டைக்குப் போய்விட்டது. செருப்பில்லாத காலில் மரம் சில்லென்று இருந்தது. அழுத்த வேண்டியதுதான்.

"மத்த பிள்ளைக?" என்றேன்.

அவள் துருத்தியின் கைப்பிடியை விட்டாள். "அம்புட்டுப் பேரும் வேலைக்குத்தான் போயிருக்காக" என்றாள்.

காலை எடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று கேட்காமல் அவள் துணிப்பையை அவிழ்த்தாள். மகளுடைய கம்பெனிச் சட்டை. கை முட்டியில் கிழிந்தது, துவைத்து மடித்தது, மடிப்பெல்லாம் வெள்ளிப் பளபளப்பு.

"அடைக்கத்தான் கொண்டாந்தேன் டீச்சர். அதுக்கு முன்னால நீங்க ஒருக்கக் கேட்டுக்கிடட்டுமேன்னு நெனச்சேன்."

இருவரும் தரையில் உட்கார்ந்து அதைத் திணித்தோம். அவள் மடித்து மடித்துக் கொடுக்க, நான் உள்ளே தள்ளினேன். பழைய பலகை ஆர்கனுக்குப் பின்னால்தான் கிடந்தது. அதே ஆணித் துளைகள் பொருந்தின.

இப்போதும் பாட்டின் முடிவில் என் இடது கால் அந்தக் கட்டைக்குப் போகிறது. போனால் அழுத்திப் பார்க்கிறேன். உஸ் என்று காற்று மட்டும் வருகிறது. அது வந்த பிறகுதான் மற்றக் கட்டைகளிலிருந்து கையை எடுக்கிறேன்.